விற்கப் போகிற வண்டிதானே?

கேள்வி: புதுக் கார் வாங்க நாலு மாதமாக வீட்டில் விவாதம். நான் மாருதி பலேனோ என்கிறேன். ஸ்பேர் எங்கும் கிடைக்கும். என் மனைவியின் அண்ணன், டொயோட்டா க்ளான்ஸாதான் உழைக்கும் என்கிறார். அப்பாவுக்கு ஹூண்டாய் ஐ20. வார்த்தை தடித்து, மச்சானோடு இப்போது பேச்சே இல்லை. எனக்குக் கம்பெனி பஸ் இருப்பதால், பழைய 2013 ஆல்டோவை பிள்ளைகளைப் பள்ளியில் விட மனைவி மட்டும் எடுக்கிறாள். பிரேக் உள்ளே போய்த்தான் பிடிக்கிறது என்று அவ்வப்போது சொல்வாள். விற்கப் போகிற வண்டி, எதற்குச் செலவு என்று விட்டுவிட்டேன். எந்தக் கம்பெனி காரை நம்பி வாங்கலாம்?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உங்கள் சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன வேலை. நீங்கள் சொல்லும் பலேனோவும் மச்சான் சொல்லும் க்ளான்ஸாவும் ஒரே வண்டி. 2019 முதல் பலேனோவைத்தான் டொயோட்டா தன் பெயரை ஒட்டி விற்கிறது. இரண்டும் சுசூகியின் குஜராத் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன; இன்ஜினும் ஒன்றே. முன்பக்க கிரில், வாரன்டி, சர்வீஸ் சென்டர் போன்றவைதான் வேறு. இதற்காகவா சொந்த மச்சானிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்? முன்பு ஸ்விஃப்ட் டீசலா, இண்டிகா விஸ்டாவா, புன்டோவா என்று டீக்கடையில் அடித்துக்கொண்டவர்களும் இப்படித்தான். மூன்றிலும் வந்தது ஃபியட்டின் அதே 1.3 லிட்டர் டீசல் இன்ஜின். அப்பா சொல்லும் ஐ20 நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது, அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதை வாங்கினாலும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் தாராளமாக ஓடும்.

ஆனால் நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? பிரேக் சரியில்லை என்று எழுதிவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த வரியில் எந்தக் கம்பெனி என்று கேட்கிறீர்களே, எப்படி ஐயா மனசு வந்தது?

ஆல்டோவில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பெடல் உள்ளே போகிறது என்றால், டிரம்மில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்துகிற லைனிங் தேய்ந்திருக்கலாம். பிரேக் ஆயில் ஓடுகிற குழாயில் காற்று ஏறியிருக்கலாம். பிரேக் ஆயில் எங்காவது கசிந்துகொண்டிருக்கலாம். கசிவாக இருந்தால், இன்று பாதி போகிற பெடல் ஒருநாள் முழுசாகப் போய்விடும். அந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். ஈரம் ஏறிய ஆயில் பிரேக் சூட்டில் குமிழ் விடும், மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? டயரையும் குனிந்து பாருங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், மழைத் தண்ணீரில் பிடிப்பே இருக்காது.

இதையெல்லாம் உங்கள் மனைவி மெக்கானிக் மாதிரி விளக்க வேண்டியதில்லை. கால் வைத்து மிதிப்பவர் அவர். அவ்வப்போது சொல்லியும் பார்த்துவிட்டார். நீங்கள் ஏறிப்போகிற பஸ்ஸை எஃப்.சி. காட்டித்தான் ஓட்டுகிறார்கள். சொந்தக் காரை 15 வருடம் ஆகும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். குடும்பத்தலைவன் என்று ரேஷன் கார்டில் பெயர் போட்டுக்கொண்டால் போதுமா? பெண்டாட்டி பிள்ளைகள் தினமும் ஏறுகிற வண்டியில் பிரேக் பிடிக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க முடியாதவருக்கு, எந்தக் கம்பெனி காரும் உழைக்காது. இன்று ஷோரூமில் மாலை போட்டு எடுக்கிற வண்டியும் ஏழெட்டு வருடத்தில் விற்கப் போகிற வண்டிதான். அப்போதும் இதையேதான் சொல்வீர்கள்.

நாளை ஆல்டோவை யாரும் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் ஆட்டோவில் போகட்டும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். பிரேக் லைனிங், ஆயில், தேவைப்பட்டால் நாலு டயர், எல்லாம் சேர்ந்தாலும் புதுக் காருக்குக் கட்டப்போகிற முன்பணத்தில் ஒரு மூலைக்குக் காணாது. நல்ல பிரேக்கோடு விற்றால் வாங்குகிறவன் வீட்டுக்கும் நல்லது. அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்.

அப்புறம் மச்சான். உங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் அவர். நாளைக்குக் காதுகுத்து, சடங்கு என்று வந்தால் சபையில் முதலில் தேடப்படுகிற ஆள். நீங்களே போன் போடுங்கள், அவர் போடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். க்ளான்ஸா விஷயத்தைச் சொல்லுங்கள், சிரித்துவிடுவார்.

புது வண்டியை முடிவு செய்ய வேண்டியவர் அதை ஓட்டப்போகிறவர். க்ளான்ஸா, பலேனோ, ஐ20, மூன்றையும் உங்கள் மனைவி டெஸ்ட் டிரைவ் எடுக்கட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் எந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதையும் அவரே பார்க்கட்டும். நீங்களும் மச்சானும் பின் சீட்டில் உட்காருங்கள், வாயைத் திறக்காமல்.