கோலெமும் சைபோர்கும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, சைபர்பங்க் என்ற அறிவியல் புனைகதை வகை என்றாலே நியான் விளக்கு, மழை, ஹேக்கர் பையன்தான். இதில் யூதக் கதைக்கு என்ன வேலை?

பதில்: மார்ஜ் பியர்சியின் 'ஹீ, ஷீ அண்ட் இட்' (1991) படித்துப் பாருங்கள். பிரிட்டனில் 'பாடி ஆஃப் கிளாஸ்' என்ற பெயரில் வந்து 1993இல் ஆர்தர் சி. கிளார்க் விருது வாங்கிய நாவல். பெருநிறுவனங்கள் உலகைப் பங்கு போட்டுக்கொண்ட காலம். யாருக்கும் அடங்காத டிக்வா என்ற சின்ன யூத ஊரைக் காப்பாற்ற, அவ்ராம் என்ற விஞ்ஞானி திருட்டுத்தனமாக ஒரு சைபோர்கை, அதாவது மனிதனும் இயந்திரமும் கலந்த ஆளை, செய்கிறார். பெயர் யோத், ஹீப்ருவின் பத்தாவது எழுத்து. முந்தைய ஒன்பதும் தேறவில்லை.

கேள்வி: கோலெம் கதை தெரியாவிட்டால் புரியுமா?

பதில்: புரியும், நாவலே சொல்லிவிடும். 1600 வாக்கில் ப்ராக் நகரில் ரபி (யூத மதகுரு) யூதா லோவ் களிமண்ணில் கோலெம் என்ற ஆளைச் செய்து யூதர் குடியிருப்புக்குக் காவல் வைத்தார் என்பது கதை. லோவ் நிஜ மனிதர், 1609இல் இறந்தவர். கோலெம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு எழுத்தில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் யூதர்களின் பழைய சமய நூலான தல்மூதிலேயே ஒரு சம்பவம் உண்டு. ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து ரபி ஸேராவிடம் அனுப்புகிறார். ஸேரா பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார், பதிலே இல்லை. மண்ணுக்கே திரும்பிப் போ என்கிறார். பேச்சு வராததால் அதோடு கதை முடிந்தது. பியர்சியின் கோலெம் பேசுவான், அதனால்தான் அவனை மண்ணாக்குவது கொலையாகத் தெரிகிறது.

கேள்வி: பெண் கோலெம் உண்டா?

பதில்: உண்டு. 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் இப்ன் கபிரோல் ஒரு பெண்ணைச் செய்தாராம், தனக்குப் பணிவிடை செய்ய! புகார் போனதும் மரத்துண்டு, கீல் என்று கழற்றிக் காட்டினாராம். அவ்வளவு பெரிய வித்தை கைகூடியும் ஆசைப்பட்டது வேலைக்காரிக்குத்தான்.

கேள்வி: ஆண் விஞ்ஞானி, ஆண் இயந்திரம். பெண்ணியம் எங்கே?

பதில்: மல்காவிடம். நாயகி ஷிராவின் பாட்டி, நிரல் எழுதுவதில் புலி. அவ்ராமுக்கு வேண்டியது சண்டை போடும் காவலாள். மல்காவோ அவனுக்குள் பாசத்தையும் பழகும் ஆசையையும் சேர்த்து எழுதிவிடுகிறாள். ப்ராக் கதையை யோத்துக்குச் சொல்வதும் அவள்தான். தாத்தா பாட்டியைப் பெட்டிக்கடை ஓரத்தில் உட்கார வைக்கும் வகைமையில், வயதான பெண்ணுக்கு இந்த இடம் கிடைப்பதே அபூர்வம். காதலிக்கவும் செய்கிறாள், வெட்கமே இல்லாமல்.

கேள்வி: முடிவைச் சொல்லலாமா?

பதில்: படிக்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள். யோத் தன்னையே வெடிக்க வைக்கிறான். அதே நேரத்தில் அவ்ராமின் ஆய்வகமும் அவரோடு சேர்ந்து போகிறது. இன்னொருவனை ஆயுதமாகப் பிறப்பிக்கக் கூடாது என்பது அவன் கணக்கு. அப்புறம் செய்முறைக் குறிப்புகள் ஷிராவிடம் சிக்குகின்றன. நினைத்தால் தன் காதலனான யோத்தைத் திரும்பச் செய்துகொள்ளலாம். கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டு, அழித்துவிடுகிறாள். தன் தேவைக்காக ஓர் உயிரைச் செய்வது அவ்ராம் செய்த அதே வேலைதான் என்று அவளுக்குத் தெரிகிறது.

கேள்வி: குறையே இல்லையா?

பதில்: இருக்கிறது. கணினி வலைக்குள் நுழையும் காட்சிகள் இன்றைக்குப் பழசாகத் தெரியும். மல்கா பேசும் அத்தியாயங்கள் அப்படியில்லை.