2147483647: கேட்டவையும் சொன்னவையும்

2147483647 ஒரு பகா எண் (ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்) என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சார், முதலில் இதை எப்படி வாசிப்பது?

பதில்: 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு தானியமணி, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று வைக்கும் கதையில் முதல் 31 கட்டங்களின் மொத்தம் இதுதான். பலகையில் பாதிகூட நிரம்பவில்லை!

கேள்வி: கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இது பகா எண் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

பதில்: கணித மேதை ஆய்லர் செய்தார். 1772-இல், பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்த நிலையில். இதன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் 4,700-க்கு மேல் கணக்குப் போட வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆய்லர் வேலையைச் சுருக்கினார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆக வேண்டும். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்களை எண்ணிப் பாருங்கள்: 249, 311, 497, 559... 63-ஐ விட்டுவிட்டால் மொத்தம் 372. அதிலும் 249 என்பது 3 × 83, அதைத் தள்ளிவிடலாம். இப்படிப் பலதும் கழிந்துபோகும். மிஞ்சியவற்றில் ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை. கணக்கு முடிந்தது.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன், அண்ணா. 31 பகா எண் என்பதால்தான் இதுவும் பகா எண்ணாக வந்ததா?

பதில்: இல்லை தம்பி, அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 11-ஐ எடுத்துக்கொள். பதினொரு இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 × 89. ஆனால் ஒன்று கவனி: 23 என்பது 22 + 1, 89 என்பது 88 + 1. இரண்டும் 22-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். ஆய்லர் பிடித்துக்கொண்ட துப்பு இதுதான். 31 வரும்போது 22-க்குப் பதில் 62; மேலே சொன்ன 248 அதன் நான்கு மடங்கு.

கேள்வி: நிறைவெண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: உண்டு. 28-இன் வகுத்திகளை, 28-ஐ விட்டுவிட்டுக் கூட்டினால் 1+2+4+7+14, மறுபடி 28. அதுதான் நிறைவெண். 28 = 4 × 7; அந்த 7 இருக்கும் இடத்தில் நம் எண்ணையும், 4 இருக்கும் இடத்தில் முப்பது இரண்டுகளின் பெருக்கலையும் வைத்தால் 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி அநேகமாக யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதிவைத்தார். பாவம். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இதே வகையில் 39 இலக்கப் பகா எண்ணையே காட்டிவிட்டார்; அதை 7 இருக்கும் இடத்தில் வைத்தால் இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பழைய சாஃப்ட்வேரில் இதே எண்ணோடு நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: அது ஒரு எண்ணை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்களில், வைக்கிறது போலும். அதில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போனால் மிச்சம் 31. அதில் அடங்கும் மிகப்பெரிய எண் இது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இப்படி எண்ணும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07 கடைசி நொடி. அடுத்த நொடி 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். உங்கள் சாஃப்ட்வேர் தேதிகளை எப்படிச் சேமிக்கிறது என்று இப்போதே கேட்டுவையுங்கள்.