ரெண்டு மானிட்டர், இடம் மாறும் விண்டோக்கள்: கேள்வி பதில்

வேளச்சேரி: அண்ணா, கரண்ட் போய் வந்தாலே ரெண்டாவது மானிட்டரில் இருந்த விண்டோ எல்லாம் லேப்டாப் திரையில் குவிந்துவிடுகிறது. நல்ல சாப்ட்வேர் சொல்லுங்கள்.

தம்பி, சாப்ட்வேர் அப்புறம். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, மானிட்டருக்குக் கிடையாது. மானிட்டர் அணைந்ததும் அதைக் கழற்றிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள திரைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது விண்டோஸ். முதலில் மானிட்டர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் கிடந்தால் கரண்ட் மாறும் இடைவெளியிலேயே மானிட்டர் அணையலாம்; யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். அதன்பிறகு விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் போய் ‘ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ்’ என்று தொடங்கும் கட்டத்தில் டிக் போடுங்கள்.

பெருங்குடி: எங்களுக்குக் கரண்ட் பிரச்சினை இல்லை. மானிட்டர் பட்டனை அணைத்தாலே இதே கதை.

மானிட்டரை இணைப்பது எச்டிஎம்ஐ அல்லாமல் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளாக இருக்கும். பல மானிட்டர்கள் பட்டனை அணைத்ததும் அந்த இணைப்பையே விட்டுவிடும். பட்டனைத் தொடாதீர்கள், தானாகத் தூங்கவிடுங்கள். அப்போதும் குதித்தால் மானிட்டர் மெனுவில் ‘டீப் ஸ்லீப்’ இருக்கிறதா பார்த்து நிறுத்துங்கள்.

அண்ணா நகர்: ஆபீஸில் ரெண்டு திரை, வீட்டில் லேப்டாப் மட்டும். ஒரு விண்டோ டாஸ்க்பாரில் இருக்கிறது, திரையில் காணோம்!

ஆல்ட்+டேப்பில் அதைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+ஸ்பேஸ், பிறகு எம். அம்புக்குறியை ஒருமுறை தட்டி மவுஸை அசைத்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். எம் வேலை செய்யாவிட்டால் அந்த விண்டோ மேக்ஸிமைஸ் ஆகியிருக்கிறது. முதலில் ஆர் அழுத்துங்கள்.

மடிப்பாக்கம்: சார், பவர் கட்டுக்குப் பிறகு விண்டோ எல்லாம் இடம் மாறுகிறது, ஏதாவது ஆப்?

வேளச்சேரிக்குச் சொன்னதுதான். பிளக்.

தாம்பரம்: ரெண்டு மானிட்டர் வாங்குவதே தப்பு. 34 இன்ச் அல்ட்ராவைடு, அதாவது ஒரே அகல மானிட்டர், ஒன்று போதும், இந்தத் தொல்லையே வராது.

இணைப்பு ஒன்றுதான், விண்டோ குதிக்க வேறு திரை இல்லை, அது சரி. ஆனால் மீட்டிங்கில் முழுத் திரையை ஷேர் பண்ணிப் பாருங்கள். உங்கள் 3440 பிக்ஸல் அகலம் எதிரே இருப்பவரின் 1920 லேப்டாப்பில் நசுங்கி, எக்ஸெல் எண்கள் எறும்பு மாதிரி தெரியும். ரெண்டு மானிட்டர் என்றால் ஒன்றை மட்டும் ஷேர் பண்ணலாம்.

கிண்டி: விண்டோவை மட்டும் ஷேர் பண்ணலாமே?

எக்ஸெலையும் பிரவுசரையும் மாற்றி மாற்றிக் காட்டுபவருக்கு அது ஒத்துவராது. பல மீட்டிங் ஆப்களில் ஒவ்வொரு முறையும் ஷேரை மாற்ற வேண்டும்.

தாம்பரம்: வீடியோ எடிட் பண்ணுகிறவன் நான். டைம்லைன் நடுவில் ரெண்டு மானிட்டரின் விளிம்புச் சட்டம் வந்தால் வேலை நடக்குமா?

நடக்காது. உங்கள் வேலைக்கு அல்ட்ராவைடுதான் சரி. மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் சாப்ட்வேரில் ஃபேன்ஸிஸோன்ஸ் என்ற வசதியைப் போட்டுத் திரையை மூன்றாகப் பிரியுங்கள். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் விண்டோ அதனதன் கட்டத்தில் உட்காரும். அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு மட்டும் அல்ட்ராவைடைச் சிபாரிசு செய்யாதீர்கள்.

திருவான்மியூர்: எம்1 மேக்புக் ஏரில் ரெண்டு மானிட்டர் வருமா?

நேரடியாக ஒன்றுதான். ரெண்டாவதுக்கு டிஸ்ப்ளேலிங்க் டாக், அதாவது யுஎஸ்பி வழியாக மானிட்டருக்குப் படம் அனுப்பும் பெட்டி, வேண்டும்.

பல்லாவரம்: கரண்ட் போனதும் விண்டோக்கள்...

பிளக்கை மாற்றிவிட்டு வந்து கேளுங்கள்.