இசப்கோல் குடிச்சா ஃபேட்டி லிவர் சரியாகுமா?

கேள்வி: ஸ்கேன்ல கிரேடு 1 ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு டாக்டர், தினமும் இசப்கோல் குடிச்சா கொழுப்பு கரைஞ்சிடுமா? – வாசகி, திருச்சி

பதில்: அது மட்டுமே போதாதும்மா. இசப்கோல்ங்கிறது ஒரு விதையோட உமி, நார்ச்சத்து. அது தண்ணியில ஊறி ஜெல் மாதிரி ஆகி, கொழுப்பு செரிக்க லிவர் கொலஸ்ட்ரால்ல இருந்து செய்யற பித்த அமிலத்தை இழுத்துட்டுப் போயிடும், அதை ஈடுகட்ட லிவர் ரத்தத்துல இருக்கிற கொலஸ்ட்ராலை எடுக்கும், அதனால எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறையும், சாப்பிட்டதும் சுகர் சட்டுனு ஏறாது, வயிறும் நிறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா லிவர் கொழுப்பு நல்லா குறையணும்னா உடம்பு எடையில 7லிருந்து 10 சதவீதம் குறைக்கணும், 70 கிலோ இருந்தீங்கன்னா 5 கிலோவாவது. ஒரு ஸ்பூனை பெரிய டம்ளர் தண்ணில கலக்கி உடனே குடிச்சிடுங்க, கெட்டியாயிட்டா தொண்டையில அடைக்கும், தயவுசெஞ்சு இதுல அலட்சியம் வேணாம். தைராய்டு, சுகர் மாத்திரைக்கும் இதுக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. சாயங்கால டீக்கு பிஸ்கட்டுக்குப் பதிலா சுண்டல் சாப்பிடுங்க, அதுலயும் நார்ச்சத்து இருக்கு.