இமேஜ் காமிக்ஸ் தொடர்கள் ஏன் இவ்வளவு தாமதமாகின்றன? நம்பி வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் வெளியிடும் ‘சாகா’ தொடரை 54ஆவது இதழ் வரை ஒரே மூச்சில் படித்திருக்கிறார். அதற்கப்புறம் வருடக்கணக்கில் இடைவெளி விட்டிருந்தார்கள் என்று தெரிந்ததும் கோபம். எழுதியவர், வரைந்தவர் கையிலேயே உரிமை இருக்கும் தொடர்கள் மட்டும் ஏன் இப்படி இழுத்தடிக்கின்றன, சில ஏன் பாதியிலேயே காணாமல் போகின்றன, பேட்மேன் மட்டும் எப்படி மாதம் தவறாமல் வருகிறது, இவற்றை நம்பிப் பணம் போடலாமா என்று கேட்கிறார்.

போடலாம். ஆனால் இந்தத் தாமதங்களுக்கெல்லாம் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று பலரும் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பேட்மேன், டிசி நிறுவனத்தின் சொத்து. ஓவியருக்கு உடம்பு முடியவில்லையா, அடுத்த இதழை வேறொருவர் வரைவார். எழுதுபவர் விலகினால் வேறொருவர் எழுதுவார். பென்சிலில் வரைய ஒருவர், அதன்மேல் மை போட ஒருவர், வண்ணம் தீட்ட இன்னொருவர், வசனப் பலூன்களுக்கு மற்றொருவர் என்று வேலை பிரிந்திருக்கும். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலி, புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் கைக்கு வந்துவிடும். மாதம் தவறாமல் வருவதன் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் அங்கே யார் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பாத்திரம் அவர்களுடையது ஆகாது.

அது பிடிக்காமல்தான் 1992இல் டாட் மெக்ஃபார்லேன், ஜிம் லீ, எரிக் லார்சன் உள்ளிட்ட நட்சத்திர ஓவியர்கள் மார்வெலை விட்டு வெளியே வந்து இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். இன்று வெளியிலிருந்து வரும் படைப்பாளிகளுக்கு அவர்கள் கொடுக்கும் ஏற்பாடு எளிமையானது. கதை, பாத்திரங்கள், சினிமா உரிமை எல்லாம் படைத்தவர்களுக்கே. அச்சுச் செலவையும், இதழுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த ஒரு தொகையையும் பதிப்பகம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுக்கப் படைப்பாளிகளுக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முன்பணம் கிடையாது என்பதுதான் சிக்கல்.

ஒரு மாத இதழுக்கு 20, 22 பக்கம். கவனமாக வரையும் ஓவியர் நாளைக்கு ஒரு பக்கம் முடித்தாலே நல்ல வேகம். மாதாமாதம் தடையில்லாமல் வர வேண்டுமானால், முதல் இதழ் கடைக்கு வருவதற்கு முன்பே இரண்டு மூன்று இதழாவது முடிந்து கையில் இருக்க வேண்டும். அதாவது பல மாத உழைப்பு, ஒரு டாலர் வரவு இல்லாமல். முதல் இதழ் விற்று, செலவெல்லாம் கழிந்து, மிச்சம் கைக்கு வர மேலும் சில மாதங்கள். அதுவரை வாடகை எப்படிக் கட்டுவது? சேமிப்பிலிருந்து எடுக்கலாம். சில தொடர்களில் எழுதுபவரே தன் பையிலிருந்து ஓவியருக்குக் கொடுப்பதுண்டு. இல்லாவிட்டால் ஓவியர் இடையில் மார்வெலுக்கோ டிசிக்கோ அட்டைப்படம் வரைந்து கொடுப்பார். அந்தக் கூலி வேலை வந்த வாரம் சொந்தத் தொடர் ஓரமாக ஒதுங்கும். பெரும்பாலான தாமதங்கள் பிறப்பது அந்த வாரங்களில்தான்.

தாமதம் இப்படி என்றால், பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் விற்பனை முறை. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகள் வாங்கும் இதழ்களைப் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. விற்காத பிரதிகள் கடைக்காரர் தலையில்தான். அதுவும் இரண்டு மாதத்துக்கு முன்பே பட்டியலைப் பார்த்து ஆர்டர் போட வேண்டும். வெளியாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு வரை அந்த எண்ணிக்கையைத் திருத்தலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒன்று வரும் தொடரின் முதல் இதழ் எப்படிப் போகிறது என்று சரியாகத் தெரிவதற்குள், கடைக்காரர் இரண்டாம், மூன்றாம் இதழ்களுக்கு எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். பெயர் தெரியாத ஆட்களின் புதுத் தொடர் என்றால் யாராக இருந்தாலும் குறைத்துத்தான் போடுவார்கள். வாசகரோ, ‘ஐந்தாறு இதழ்களைச் சேர்த்த தொகுப்பு வரட்டும், மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்’ என்று காத்திருக்கிறார். அந்தத் தொகுப்பு வருவதற்குள் ஐந்தாம் இதழின் ஆர்டர் அச்சுச் செலவுக்கே போதாத நிலைக்கு இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆறாவது இதழை யார் வரைவார்கள்?

நடுவில் இருக்கும் விநியோகஸ்தரின் முடிவுகளும் சிறிய ஆட்களைத்தான் முதலில் அடிக்கும். நீண்ட காலம் அமெரிக்கக் கடைகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே வாசலாக இருந்தது டயமண்ட் நிறுவனம். 2009இல் அவர்கள் ஒரு இதழுக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆர்டர் தொகையை 1,500 டாலரிலிருந்து 2,500 டாலராக உயர்த்தியபோது, கறுப்பு வெள்ளையில் சொந்தமாக அச்சடித்துக்கொண்டிருந்த பலருக்குக் கதவு மூடியது. கொரோனா வந்த 2020 ஏப்ரலில் புது இதழ்களை அனுப்புவதையே நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இனி நீங்கள் கேட்ட சாகா. பிரையன் கே. வான் எழுத, ஃபியோனா ஸ்டேபிள்ஸ் வரைய, 2012 மார்ச்சில் தொடங்கியது. 2018 ஜூலையில் 54ஆவது இதழ். இடையில் 77 மாதங்கள்; அதாவது தொடக்கத்திலிருந்தே அது மாதாமாதம் வந்த தொடர் கிடையாது. ஆறு இதழ் வந்ததும் சில மாதம் ஓய்வு, அந்த ஓய்வில் தொகுப்பு வெளியாகும், அதைப் படித்துப் புதிதாக வந்தவர்கள் அடுத்த இதழுக்குக் கடையில் நிற்பார்கள். முதல் தொகுப்பு வந்தபோது அதன் விலை 9.99 டாலர், புதியவர் யோசிக்காமல் எடுக்கக்கூடிய விலை. இடைவெளியை வியாபாரத்தின் பாகமாகவே ஆக்கிக்கொண்ட புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நினைக்கிறேன். மார்ஜரி லியு, சானா டகேடா இருவரின் ‘மான்ஸ்ட்ரெஸ்’ தொடரும் இதே பாணியில்தான் போகிறது.

ஸ்டேபிள்ஸ் செய்யும் வேலையை ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கவனியுங்கள். ஆட்கள், பின்னணி, ஒளி, வண்ணம் எல்லாம் அவர் ஒருவரே. வசனப் பலூன்களை வேறொருவர் அமைக்கிறார். ஆனால் கதையில் குழந்தையாக வரும் ஹேஸல், வளர்ந்தபின் தன் கதையைச் சொல்வதாக வரும் வரிகள் மட்டும் பலூனுக்குள் இல்லாமல் படத்தின் மேலேயே ஓடும். அது ஸ்டேபிள்ஸின் சொந்தக் கையெழுத்து. அந்த எழுத்து எங்கே வளைய வேண்டும், யாருடைய தலைக்கு மேல் நிற்க வேண்டும் என்பது வரையும்போதே தீர்மானமாகிறது. இதை இன்னொருவரிடம் கொடுத்து ‘இந்த மாதம் மட்டும் நீங்கள் பாருங்கள்’ என்று சொல்லவே முடியாது. சொன்னால் வருவது வேறு புத்தகம்.

54ஆவது இதழ் எங்கே முடிகிறது என்று இங்கே சொல்ல மாட்டேன், படிக்காதவர்களும் இருப்பார்கள். அப்படியொரு இடத்தில் நிறுத்திவிட்டு, குறைந்தது ஒரு வருடம் ஆகும் என்று அறிவித்தார்கள். மூன்றரை வருடம் ஆனது. 2022 ஜனவரியில் 55ஆவது இதழ் வந்தபோது 44 பக்கம், விலை பழைய 2.99 டாலர்தான். மொத்தம் 108 இதழ் என்பது அவர்கள் திட்டம்; நின்றது சரியாகப் பாதி வழியில். திரும்ப வந்த பக்கங்களில் ஸ்டேபிள்ஸின் கோடு சோர்ந்துபோகவில்லை. காத்திருந்ததற்கு எனக்கு அது போதும்.

இதைவிட நீண்ட கதை ஜேசன் லூட்ஸுடையது. ‘பெர்லின்’ என்ற அவருடைய தொடர் 1996இல் தொடங்கி 2018இல் முடிந்தது. 22 வருடம், 22 இதழ். தொடங்கி வைத்த சிறு பதிப்பகம் மூடப்பட்டு, தொடர் ட்ரான் அண்ட் குவார்ட்டர்லி என்ற பதிப்பகத்துக்கு மாறியது. லூட்ஸ் வெர்மான்ட்டில் காமிக்ஸ் கற்பிக்கும் பள்ளியில் ஆசிரியர் வேலையும் பார்த்துக்கொண்டே வரைந்தார். 1928 செப்டம்பரில் பெர்லினை நோக்கிப் போகும் ஒரு ரயில் பெட்டியில் கதை தொடங்குகிறது. ஓவியம் படிக்க வரும் மார்த்தா எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திரிகையாளர் கர்ட்டைச் சந்திக்கிறாள். அங்கிருந்து ஹிட்லர் ஆட்சிக்கு வரும் காலம் வரை நகர்கிறது. டிராம் கம்பிகள், கல் பாவிய தெரு, ஊர்வலத்தில் நிற்கும் ஒவ்வொரு முகம் என்று எல்லாம் மெல்லிய சுத்தமான கறுப்புக் கோட்டில். ஊர்வலத்தில் எந்த முகமும் இன்னொன்றின் நகலாக இருக்காது. இதை மாதாமாதம் கொடு என்று ஒருவரைக் கேட்பது அநியாயம்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிவதில்லை என்பதும் உண்மை. ஆலன் மூர் எழுதி பில் சின்கெவிச் வரைந்த ‘பிக் நம்பர்ஸ்’ 1990இல் வந்தது. 12 இதழ் என்று திட்டம், வந்தது இரண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் உண்மையான ஆட்களை வைத்துப் பார்த்து வரையும் அந்த முறை மனிதரைப் பிழிந்தெடுக்கும் முறை. சின்கெவிச் விலகினார், மூன்றாவது இதழ் அச்சேறவே இல்லை. ஜோ மதுரெய்ராவின் ‘பேட்டில் சேஸர்ஸ்’ 1998இல் தொடங்கி 2001இல் ஒன்பதாவது இதழோடு நின்றது, அவர் வீடியோ கேம் உலகத்துக்குப் போனார். பத்தாவது இதழ் 2023இல் வேறொரு ஓவியர் கையால் வந்தது. நேட் சிம்ப்சன் தனி ஆளாக வரைந்த ‘நான்பிளேயர்’ முதல் இதழ் 2011இல், இரண்டாவது 2015இல்; நடுவில் சைக்கிள் விபத்தில் தோள்பட்டை எலும்பு வேறு உடைந்தது. டேவிட் லாப்ஹாமின் ‘ஸ்ட்ரே புல்லட்ஸ்’ 2005இல் 40ஆவது இதழோடு நின்றுபோய், 2014இல் இமேஜ் மூலம் 41ஆவது இதழோடு திரும்பியது. அந்த ஒன்பது வருடமும் அவர் மற்ற நிறுவனங்களுக்கு வரைந்து பிழைத்தார்.

லாப்ஹாமால் திரும்ப முடிந்ததற்குக் காரணம் உரிமை அவரிடமே இருந்தது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். பெரிய நிறுவனம் ஒரு தொடரை நிறுத்தினால், அந்தப் பாத்திரம் அவர்கள் பெட்டிக்குள் போய்விடும். எழுதியவரே நினைத்தாலும் வேறு இடத்தில் தொடர முடியாது. ‘செகண்ட் கமிங்’ தொடருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். மார்க் ரஸ்ஸல் எழுதி ரிச்சர்ட் பேஸ் வரைந்தது. இயேசு பூமிக்குத் திரும்பி வந்து ஒரு சூப்பர் ஹீரோவோடு ஒரே வீட்டில் தங்குகிறார். 2019 மார்ச்சில் டிசியின் துணைப் பதிப்பான வெர்டிகோவில் வருவதாக இருந்தது. எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன, வெளியாவதற்கு முன்பே ரத்தானது. ஆனால் உரிமை படைப்பாளிகளிடம் திரும்பி வந்ததால், அதே வருடம் ஜூலையில் அஹாய் காமிக்ஸ் என்ற வேறொரு பதிப்பகம் அதை வெளியிட்டது.

கடைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1993இல் இமேஜும் வேலியன்ட் என்ற இன்னொரு பதிப்பகமும் சேர்ந்து செய்த ‘டெத்மேட்’ தொடரில், இமேஜ் தர வேண்டிய பாகங்கள் மாதக்கணக்கில் தாமதமாயின. பரபரப்பை நம்பி அள்ளி ஆர்டர் போட்டிருந்த கடைகளுக்கு, வாசகர்கள் மறந்துபோன பிறகு பெட்டி பெட்டியாகச் சரக்கு வந்து இறங்கியது. அதை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வரைந்து முடிக்காத இதழைத் தேதி போட்டுப் பட்டியலில் சேர்ப்பதுதான் இந்தத் தொழிலில் உண்மையான தவறு. தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வரைபவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வாய் திறக்காமல் காணாமல் போகிறவர்மேல் வரும்.

வாங்குவது பற்றி. தொடங்கி ஓரிரு இதழே ஆன தொடர் உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்போதே வாங்குங்கள், தொகுப்புக்குக் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் இருந்துகொண்டு தனி இதழ்களைக் கடையில் தேடுவது சிரமம்தான். டிஜிட்டலில் வெளியான நாளிலேயே வாங்கலாம், அல்லது முதல் தொகுப்பை அறிவிப்பு வந்தவுடன் முன்பதிவு செய்யலாம். இரண்டு மூன்று தொகுப்பு வந்துவிட்ட தொடர் என்றால் அவசரமில்லை, ஆற அமர வாங்குங்கள். முடிந்த கதைதான் வேண்டும் என்றால் ‘பெர்லின்’ 22 இதழும் ஒரே கெட்டி அட்டைத் தொகுப்பாகக் கிடைக்கிறது, ஜெஃப் ஸ்மித் 1991 முதல் 2004 வரை 55 இதழாக வரைந்த ‘போன்’ தொடரும் ஒரே புத்தகமாக வந்திருக்கிறது. நீங்களோ 54 வரை வந்துவிட்டீர்கள், 55 முதல் 60 வரை பத்தாவது தொகுப்பில் இருக்கிறது; அதிலிருந்து தொடருங்கள்.