டிசம்பர் மொரீஷியஸ்: உச்சி வெயில் கிறிஸ்துமஸுக்குக் கேள்வி பதில்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மொரீஷியஸ் வரும் தமிழர்கள் கேட்டவற்றுக்கு ரோஸ்ஹில் பயண வழிகாட்டி ஒருவர் தரும் பதில்கள்.

சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள். அங்கே 31, 32 டிகிரிதானே, சன்ஸ்க்ரீன் எல்லாம் தேவையா அக்கா?

தேவை. தெர்மாமீட்டரை விடுங்கள், உங்கள் நிழலைப் பாருங்கள். தீவு இருப்பது 20 டிகிரி தெற்கில். டிசம்பர் 21ஐ ஒட்டிச் சூரியன் நிற்பது ஏறக்குறைய 23½ டிகிரி தெற்கில். அதனால் பகல் 12.10 வாக்கில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சென்னையில் மார்கழி வெயில் சாய்ந்து விழும், இங்கே நேரே இறங்கும். கடற்காற்று வீசிக்கொண்டே இருப்பதால் தோல் சுடுவதும் தெரியாது. இரவு சட்டை மாட்டும்போதுதான் எரியும்.

பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு தடவைக்கு 30 மில்லி வேண்டும். முகம், கழுத்துக்கு மட்டும் ஒரு டீஸ்பூன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரை விட்டு ஏறியதும் மறுபடியும் பூச வேண்டும். பெரியவர்கள் நாலு பேர் என்றால் 200 மில்லி பாட்டில் ஒன்று இரண்டு பூச்சுக்குக்கூடப் போதாது. பட்டாணி அளவு எடுத்து உடம்பெல்லாம் இழுத்தால், பாட்டிலில் எழுதிய SPF 50 பாதுகாப்பு தோலுக்கு வந்து சேராது. ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்) போட்டுக் குப்புற மிதப்பவர்களுக்கு முதுகும் முழங்காலின் பின்புறமும் வெந்துவிடும். முழுக்கை லைக்ரா சட்டை ஒன்று வாங்குங்கள், கிரீமைவிட அதுதான் லாபம்.

டொரொன்டோவிலிருந்து 5 வயதுப் பிள்ளையோடும் 70 வயது அம்மாவோடும் வருகிறோம். பகலை எப்படிக் கழிப்பது?

விடிவது ஐந்தரைக்கு, இருட்டுவது ஏழை ஒட்டி. காலை 6 முதல் 9.30 வரை கடற்கரை, மாலை 4க்குப் பிறகு மறுபடி. நடுவில் வெளியே போயே ஆகவேண்டும் என்றால் க்யூர்பிப் பக்கம் ஏறுங்கள். சுமார் 550 மீட்டர் உயரம், கரையைவிடச் சில டிகிரி குறைவு. குடை மட்டும் மறக்கக் கூடாது. பனியிலிருந்து வரும் உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரமாவது பிடிக்கும், முதல் மூன்று நாள் அலைச்சல் வேண்டாம். கோயிலுக்கும் காலையிலேயே போய்விடுங்கள், உச்சியில் பிராகாரத் தரை பாதத்தைப் பொசுக்கும். அம்மா உளறினாலோ, உடம்பு கொதித்துத் தள்ளாடினாலோ தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு, 114க்கு, அழையுங்கள்.

25ஆம் தேதி கடற்கரையில் பிரியாணி சாப்பிட ஆசை. கெட்டுப்போகாதா?

இந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக், மோன் சுவாசி கடற்கரைகளில் சவுக்குத் தோப்பு (இங்கே ஃபிலாவோ என்போம்) நிழல் பிடிக்க விடியலிலேயே பாய் விழுந்துவிடும். எட்டு மணிக்குள் இடம் பிடியுங்கள். டேக்சாவைக் கொதிக்கக் கொதிக்க மூடி, கம்பளியில் சுற்றி எடுத்துப் போங்கள். திறந்தபின் இந்த வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. இறால், மயோனைஸ் சாலட் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். மிச்சத்தை இரவுக்கு வைக்காதீர்கள். அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பேருந்தும் குறைவு. 24ஆம் தேதியே வாங்கி வையுங்கள்.

கடலில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பவளத் திட்டுக்கு உள்ளே தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். ஆபத்து திட்டு உடையும் வாயில், 'பாஸ்' என்பார்கள். உள்ளே ஏறிய நீரெல்லாம் அதன் வழியேதான் வெளியே ஓடும், நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும். தெற்கே கிரி-கிரியில் திட்டே இல்லை, பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இன்னொன்று விஷ முள்ளுள்ள கல்மீன். பெயருக்கேற்பப் பாசி படிந்த கல்லாகவே கிடக்கும். தடித்த அடியுள்ள ரப்பர் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் காலை வைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, அதனால் இன்னொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். ஐஸ் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

புயல் வருமா?

பருவம் நவம்பரிலேயே தொடங்கிவிடும், ஆனால் கடுமையானவை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தீவையே உலுக்கிய கரோல் 1960 பிப்ரவரியில் வந்தது. எச்சரிக்கை 1 முதல் 4 வரை. 3 ஆனபின் அறையை விட்டு நகரக் கூடாது. பயணக் காப்பீட்டை டிக்கெட்டோடு எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்தபின் எடுத்தால் அந்தப் புயலுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

ஊரிலிருந்து கறிவேப்பிலை, மாம்பழம் கொண்டுவரலாமா?

அனுமதிச் சீட்டு இல்லாமல் பழம், செடி, இலை எதுவும் கூடாது. இ-சிகரெட்டும் இங்கே தடை.

லிச்சி கிடைக்குமா?

டிசம்பர்தான் காலம். வௌவாலுக்கு வலை போட்டுக் காத்த பழம், கொத்தாக விற்கும். காம்பு பச்சையாக, தோல் சிவப்பாக இருப்பதை எடுங்கள். வெளியே வைத்தால் ஓரிரு நாளில் தோல் காய்ந்து பழுப்பேறும். ஈரத்தாளில் சுற்றி, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும்.