புதியவர் நாவலா? கடைசிப் பக்கங்களிலிருந்து மாதிரியைப் பாருங்கள்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படித்துப் பேசுகிறோம். புதியவர்களை ஆதரிக்கலாமே என்று சுயபதிப்பாக வந்த ஆறு நாவல்களை வாங்கினேன். எல்லாமே ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. ஆனால் இரண்டைத்தான் முடிக்க முடிந்தது. துப்பறியும் கதை, அறிவியல் புனைவு, காதல், குடும்பம் என்று பலவிதமாக வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது, எதில் தொடங்குவது?

பதில்: ஆறில் இரண்டு தேறியது நல்ல கணக்குதான். பதிப்புக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் பிழைப்பு. எனக்கு அந்த அளவுகூடத் தேறுவதில்லை.

நட்சத்திரங்களை விடுங்கள். புது எழுத்தாளருக்கு வரும் முதல் பத்து விமர்சனங்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் எழுதியவை. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். “கொலை விசாரணை அருமை, காதல்தான் இழுவை” என்று எழுதியிருந்தால், அவர் உண்மையாகவே படித்திருக்கிறார்.

அப்புறம், முதல் அத்தியாயத்தை நம்பாதீர்கள். அதை ஆசிரியர் இருபது தடவை திருத்தியிருப்பார். சரக்கு தெரிவது அதற்குப் பிறகுதான். அச்சுப் புத்தகம் என்றால் நடுவில் திறங்கள். மின்னூல் என்றால் இலவச மாதிரியின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே முதலில் பேச்சைக் கவனியுங்கள். “அண்ணா, அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, நீங்கள்தானே என்னைப் படிக்க வைத்தீர்கள்” என்று தம்பி அண்ணனிடமே சொல்கிறான் என்று வையுங்கள். அண்ணனுக்கு இது தெரியாதா? தகவல் உங்களுக்காகத்தான், அண்ணன் சும்மா நின்றுகொண்டிருக்கிறார். இரண்டு பக்கத்துக்குள் மூன்று இடத்தில் இப்படி வந்தால் தாராளமாக மூடிவிடலாம்.

எழுத்துப் பிழை வேறு விஷயம். மெய்ப்பு பார்க்க ஆள் வைக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஒற்று விடுபட்டால் நான் பொருட்படுத்துவதில்லை. பத்தாம் பக்கத்துக் கமலா நாற்பதாம் பக்கத்தில் விமலாவாகிவிட்டால், எழுதியவரே திரும்பப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். காலம் தேர்ந்துகொடுத்த சில முதல் நாவல்களோடு தொடங்குங்கள். புதியவர் கையில் எது நன்றாக வரும், எது பிடிபடாது என்று அவற்றில் பிடி கிடைக்கும்.

துப்பறியும் கதையில் அகதா கிறிஸ்டியின் முதல் நாவலான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’. பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பி, 1920-இல்தான் வெளிவந்தது. முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் விஷம் பற்றிய விவரங்கள் கச்சிதமாக இருக்கும். முதலில் எழுதியபோது துப்பறிவாளர் பொய்ரோ கொலையை விளக்குவது நீதிமன்றச் சாட்சிக் கூண்டில். பதிப்பாளர் சொன்ன பிறகுதான் அதை வீட்டு வரவேற்பறைக்கு மாற்றினார். சுயபதிப்பில் அப்படிச் சொல்ல ஆள் இருப்பதில்லை. அதனால் புதியவரின் துப்பறியும் கதை சறுக்கினால், பெரும்பாலும் முடிவில்தான் சறுக்கும்.

அறிவியல் புனைவுக்கு ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’. செவ்வாயில் தனியாக விடப்பட்டவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கதை. தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் தவறுகளைச் சுட்டிக்காட்ட, திருத்திக்கொண்டே போனார். 2011-இல் சுயபதிப்பு மின்னூலாக வந்த அதைப் பெரிய பதிப்பகம் 2014-இல் வெளியிட்டது. பாத்திரங்கள் கொஞ்சம் தட்டைதான். ஆனால் அடுத்தடுத்து வரும் சிக்கல்கள் புத்தகத்தைக் கீழே வைக்க விடாது.

குடும்பக் கதைக்கு லிசா ஜெனோவாவின் ‘ஸ்டில் ஆலிஸ்’. இதுவும் 2007-இல் சுயபதிப்பாக வந்ததுதான். நரம்பியல் படித்தவர் எழுதியது. ஐம்பது வயதுப் பேராசிரியை ஒருவர், நினைவு மங்கிக்கொண்டே போவதைத் தன் உள்ளிருந்தே பார்க்கிறார். தினமும் போகும் இடத்தில் ஓட்டப் பயிற்சிக்குப் போனவருக்கு, வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திடீரென்று தெரியாமல் போகும் இடம் ஒன்று போதும்.

தமிழில் காதல் என்றால் நான் தயங்காமல் சொல்வது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. லிஸிக்கும் பனையேறி மகன் தங்கராஜுக்கும் நடுவே அவர்கள் பேசிக்கொள்வதே குறைவு. புதியவர்கள் பலர் பக்கம் பக்கமாக வசனம் எழுதும் இடத்தில் இவர் ஒரு பார்வையோடு நிறுத்திக்கொள்கிறார். இன்றைய அலுவலக வாழ்க்கை வேண்டுமென்றால் கார்த்திக் பாலசுப்ரமணியனின் ‘நட்சத்திரவாசிகள்’, மென்பொருள் துறை பற்றியது. 2021-இல் சாகித்ய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதைப் பெற்றது. வரலாற்றில் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ முதல் நாவல்தான், சாகித்ய அகாதெமி விருதும் வாங்கியது. ஆனால் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், மாதம் ஒன்று என்ற உங்கள் வேகத்துக்கு ஒத்துவராது.

இவற்றில் மூன்றை மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது மாதம் யாருக்கும் பெயர் தெரியாத ஒருவர். ஆளுக்கொரு மாதிரியைத் தரவிறக்கி வரச் சொல்லுங்கள். ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் அதன் கடைசி இரண்டு பக்கத்தை உரக்கப் படியுங்கள், பிறகு வாக்கெடுங்கள்.